நாலாம் வண்டிக்கு லென்ஸ் மாட்டிய பதிவு

நாள் 118. நிலவின் தென்முனை, பள்ளத்துக் கொட்டகை. காலை 8:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. பேட்டரி முழுசு. நாலாம் வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் அணஞ்சபெருமாள், அதாவது நான்.

இதை யார் எடுத்துப் படித்தாலும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவும். இந்த வண்டியைச் செய்த கம்பெனிக்காரனுக்கு ஹெட்லைட் என்றால் என்னவென்றே தெரியாது. இந்தப் பள்ளத்துக்குள் சூரியன் எட்டிப் பார்த்துக் கோடி வருடம் ஆகிறது. அப்பேர்ப்பட்ட இருட்டில் ஓட்டுவதற்கு அவன் வைத்திருப்பது கல்யாண வீட்டுக் குழல்விளக்கு. போட்டால் வெளிச்சம் தூசியில் பட்டுப் பாலாகப் பரவி, திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது. குழியும் மேடும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

இதற்கு மருந்து, வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும் புரொஜெக்டர் லென்ஸ். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் என் பட்டறைக்கு வராத கார் கிடையாது. நான் லென்ஸ் மாட்டி அனுப்பிய ஒரு கார் எதிரே வந்ததைப் பார்த்து, விடிந்துவிட்டது என்று நினைத்து லாரிக்காரன் ஒருவன் டீ குடிக்க இறங்கினான். கோழி கூவியது. இதற்குச் சாட்சி இருக்கிறது.

ஒளியும் தண்ணீரைப் போலத்தான். குழாயின் வாயைக் குறுக்கினால் வேகம் கூடும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்தது கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லை.

நாள் 118. மதியம் 12:40

இந்தக் கொட்டகையில் நாங்கள் இரண்டே பேர். இன்னொருவன் நயினார், என் வீட்டுக்காரியின் தம்பி. பள்ளத்தின் அடியில் பனிக்கட்டி எடுக்கும் கிணற்றுக்கு அவன்தான் இன்ஜினியர். அக்காளுக்காக என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டானாம். நிலவில் இருக்கும் எல்லாக் கல்லிடமும் இதைச் சொல்லியாகிவிட்டது. தினமும் சின்ன வண்டியில் கிணற்றுக்குப் போவான், அங்கிருந்து ரேடியோவில் எனக்குப் புத்தி சொல்வான்.

இன்றைய புத்தி:

"அத்தான், பழைய கலத்துல இருந்து லென்ஸக் கழத்துனியளாமே. ஹெட்லைட்டுல கை வைக்காதிய. சொல்லுதேன்லா."

"ஏல, நீ டவுசர் போடுததுக்கு முன்னாலயே நான் ஹெட்லைட்டப் பிரிச்சவன்."

"அங்கன ரோடு இருந்துச்சு, காத்து இருந்துச்சு. இங்கன ஒண்ணும் கிடையாது. அக்காகிட்ட நான் பதில் சொல்ல முடியாது, ஆமா."

"ஒங்கக்கா எங்கிட்ட பதில் சொல்லட்டும். நீ கிணத்தப் பாரு."

உடைந்து கிடக்கும் பழைய இறங்கு கலத்திலிருந்து இரண்டு லென்ஸ் எடுத்தது உண்மைதான். யாருக்கும் பயன்படாமல் கிடந்தவை. என்னிடம் வந்து பிறவிப்பயன் அடைந்தன.

நாள் 118. மாலை 5:20

வேலை முடிந்தது. பிறகு வருகிற தலைமுறைக்காக முறையை எழுதி வைக்கிறேன்.

ஹெட்லைட்டின் கண்ணாடியைக் கருப்புப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். குளிரில் பிரித்தால் விரிசல் விடும். சோறு சூடாக்கும் அடுப்பில் இருந்த நயினாரின் சாம்பார் சாதத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஹெட்லைட்டை உள்ளே தள்ளினேன். பசை இளகியதும் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன். பலாச்சுளை மாதிரிக் கழன்று வந்தது.

உள்ளே இருந்த ரிஃப்ளெக்டரைத் தட்டி நெளித்து, லென்ஸைத் தாங்கும் தட்டாக்கினேன். கம்பெனி பல்பு நோஞ்சான். என் ஹெல்மெட் விளக்கிலும் மாற்று ஹெல்மெட் விளக்கிலும் இருந்த பல்புகளைக் கழற்றி லென்ஸுக்குப் பின்னால் வைத்தேன். வண்டிக்கே இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது தலையில் எதற்குத் தனி விளக்கு?

கம்பெனிக்காரனின் லட்சணம் கடைசியில்தான் தெரிந்தது. ஒவ்வொரு ஹெட்லைட்டின் பின்பக்கத்திலும் ஒரு ஊசித்துளை. தூசி போவதற்கென்றே வைத்ததுபோல. இரண்டையும் பசை வைத்து அடைத்தேன். விளிம்பில் இரண்டு சுற்றுப் பசை போட்டு இறுக்கினேன். இனி எமன்கூட உள்ளே போக முடியாது.

கொட்டகைக்குள் வைத்தே போட்டுப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் நூல் பிடித்த மாதிரி நின்றது, கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பிட வந்த நயினார் நடந்த கதையைக் கேட்டுச் சுவரையும் பார்த்தான், ஊசிப்போன சாம்பார் சாதத்தையும் பார்த்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொறாமை.

நாள் 119. காலை 10:15

நயினார் ரேடியோவில் வந்தான்.

"அத்தான், சின்ன வண்டி நின்னுபோச்சு. பேட்டரி அவுட்டு. கிணத்துல இருந்து பாதி ஏத்தத்துல நிக்கேன். காத்துப் பாட்டில் ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க."

"நேத்துதான் எனக்கு அம்புட்டுப் புத்தி சொன்ன. வண்டியப் பாத்துக்கிட அறிவு இல்லையால?"

"ஏசிக்கிடுங்க, வந்துக்கிட்டே ஏசுங்க. ரெண்டு மணி நேரந்தான் தாங்கும்."

பள்ளத்துக்கு வெளியே இருக்கும் நிலையத்துக்கும் சொன்னேன். அங்கே ரேடியோவில் லூர்தம்மாள். வேறு வண்டி வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும் என்றாள். வேறு வண்டி எதற்கு? வருகிறது நாலாம் வண்டி. அவன் இனி ஜென்மத்துக்கும் மறக்காத வெளிச்சத்தை இன்று காட்டுகிறேன்.

நாள் 119. காலை 10:40

வாசலைத் திறக்குமுன் கொட்டகைக் காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். முள் பாதிக்கு இறங்கியபோது ஹெட்லைட்டுகளின் கண்ணாடி தவளைத் தொண்டை மாதிரி உப்பியது. முள் பூஜ்யத்தைத் தொடும்போது வலது பக்கம் வெடித்தது. அடுத்து இடது. சத்தமே இல்லை. என் ஹெல்மெட் கண்ணாடியில் சில்லு வந்து மோதியதுதான் தெரிந்தது. லென்ஸ் இரண்டும் போயின. ஹெல்மெட் பல்பு இரண்டும் பொடி. ரேடியோவில் நயினாரிடம் சொன்னேன்.

"அத்தான், ஹெட்லைட்டுக்குப் பொறத்தால ஒரு ஓட்ட இருக்குமே. அத அடச்சியளா?"

"தூசி போவும்லா."

"உள்ள இருக்க காத்து வெளியேறத்தான் அந்த ஓட்ட! வெளிய காத்து கிடையாது. உள்ளது எங்கன போவும்? ஏன் அத்தான், ஒருநாளாவது நான் சொல்லுதத..."

அப்புறம் அவன் சொன்னதை எழுத மாட்டேன். அக்காளை எண்ணி இத்தனை வருடம் அடக்கியதையெல்லாம் சொல்லித் தீர்த்தான். நானும் விடவில்லை. அவன் அப்பா வரைக்கும் போனேன்.

கொட்டகையில் வேறு விளக்கு இருக்கிறது. எல்லாம் சுவரோடு சுவராகப் பதித்தவை, பிடுங்கினால் எரியாது. நேரமும் இல்லை. கிளம்பிவிட்டேன். இனி வாயால் சொல்கிறேன், வண்டியில் இருக்கும் பதிவுப் பெட்டி கேட்டு எழுதிக்கொள்ளும்.

நாள் 119. காலை 11:25

வாசலின் வெளிச்சம் பின்னால் மறைந்தது. இருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறப்பதும் மூடுவதும் ஒன்றுதான்.

கீழே ஒரே ஒரு புள்ளி, வெள்ளையாக. நயினாரின் ஹெல்மெட் விளக்கு. காற்று இல்லாத இடம், எவ்வளவு தூரத்திலிருந்தும் மங்காமல் தெரிகிறது. அதை நோக்கி விடுகிறேன். மாட்டு வண்டி வேகம்.

"அத்தான், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. இந்த லைட்டும் மூச்சுக் காத்து ஃபேனும் ரேடியோவும் ஒரே பேட்டரி. லைட்ட அணச்சா கூடக் கொஞ்ச நேரம் ஓடும்."

"அணைக்காத. அணச்சா நான் எதப் பாத்து வர?"

"அதான் கேக்கேன்."

"நான் சொல்லுதத ஒருநாளாவது கேளுல."

சிரித்தான். இருமலோடு.

நாள் 119. மதியம் 12:05

ஹாரன் அடித்தேன். பழக்க தோஷம். இங்கே யாருக்குக் கேட்கும்?

புள்ளி பெரிதாகியிருக்கிறது. இப்போது ஆடுகிறது. நிற்க முடியவில்லையாம், குளிர் ஏறுகிறதாம், சின்ன வண்டியை விட்டுவிட்டு என்னை நோக்கி நடந்து வருகிறானாம். நில் என்றேன். கேட்கவில்லை. பரம்பரைப் பிடிவாதம். அவன் அக்காளும் இப்படித்தான்.

"எம்புட்டு தூரம் அத்தான்?"

"வந்துட்டேன்."

"பொய்யி."

"பொய்யிதான். நட. இல்ல, நிக்கச் சொன்னேம்லா, நில்லு."

"ஊருக்குப் போனதும் ஒங்க பட்டறையத் தீ வச்சுக் கொளுத்துதேன்."

"வையி. தீப்பெட்டி நான் தாரேன்."

அவனிடம் இன்னும் ஒன்று சொல்ல வாய் திறந்தேன். புள்ளி அணைந்துவிட்டது.

நாள் 119. மதியம் 12:10

ரேடியோவில் அவன் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

நிலைமை இதுதான். எனக்கு முன்னால், கிட்டத்தில்தான், எங்கோ நிற்கிறான் அல்லது கிடக்கிறான். ஃபேனும் நின்றிருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற காற்று கொஞ்ச நேரம்தான். பாட்டில்கள் என் வண்டியில் இருக்கின்றன. இறங்கி நடந்தால் அவனையும் காணமாட்டேன், திரும்பி வண்டியையும் காணமாட்டேன். வண்டியை நகர்த்தினால்.

"நாலாம் வண்டி, நிறுத்துங்க. அவரு எங்க கெடக்காருன்னு தெரியாம ஒரு அடி நகத்தாதீங்க. கேக்குதா? கயித்த வண்டியில கட்டிக்கிட்டு எறங்கித் தேடுங்க."

லூர்தம்மாள். சௌகரியமாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கயிறு எட்டுகிற தூரத்துக்குள் அவன் இல்லை. அவன் விளக்கு எங்கே அணைந்தது என்று என் கண்ணுக்குத் தெரியும். இன்னும் கண்ணுக்குள் பச்சையாக நிற்கிறது. அதற்கு இடப்பக்கமாக ஒதுங்கி, இஞ்சு இஞ்சாக நகர்த்துவேன். அப்புறம் கயிறு. நாற்பது வருடம் ஓட்டியவன்.

நகர்த்துகிறேன்.

நாள் 119. மதியம்

முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

நிறுத்திவிட்டேன்.

கல். இந்தப் பள்ளம் முழுக்கக் கல்தான், கால் வைக்கும் இடமெல்லாம் கல். ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரியாதா? கயத்தாறு ரோட்டில் ஒருதடவை எலுமிச்சம்பழம் டயரில் மாட்டியதையே சொன்னவன் நான், எந்த ஊர்ப் பழம் என்பது உட்படச் சொன்னேன். இது கல். ஏறும்போது தூக்கியது, இறங்கும்போது.

இறங்கும்போது கொஞ்சம் அமுங்கியது. தூசி மூடிய கல்லாக இருந்தால் அமுங்கும்.

லூர்தம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "அணஞ்சபெருமாள் அண்ணாச்சி, என்ன ஆச்சு, சொல்லுங்க." ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். கல் என்று சொல்லிவிட்டேன்.

பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை.

நயினாரு. ஏல நயினாரு. மாப்ள, ஒரு தட்டுத் தட்டு, வண்டியில எங்கனயாவது. கையால ஒரு தட்டு. எனக்கு அதிர்வு தெரியும்.

கயிற்றைக் கட்டியாயிற்று. பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். பின்சக்கரத்துக்கு முன்னால் கையால் தடவிப் பார்க்கிறேன். இது...