பொட்டுக்குப் பின்னால் போன முள்

அன்புள்ள மகன் கவிநேசனுக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்றால் நீ பயப்படுவாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார், அதற்குத்தான் இந்தத் தாள்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவை டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது காடி பாதி வழியில் இஞ்சின் புகைந்து நின்றுவிட்டது. தோட்டத்து ரோட்டைத் தாண்டி லூபோக் சீனா டவுன் வந்ததுமே சூடு காட்டும் மீட்டரில் முள்ளைக் காணோம். ஆயுத பூசைக்கு நான்தான் ஸ்டேரிங்கிலும் மீட்டர் கண்ணாடியிலும் சந்தனம் குங்குமம் வைத்தேன், வைத்த பொட்டை நாமாக அழிப்பதில்லை, அது காய்ந்து அப்படியே இருந்தது. முள் ஏறிப்போய் அதற்குப் பின்னால் நின்றிருக்கிறது. நான் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறதே என்று ஏர்கோனை இன்னும் கூட்டி வைத்தேன். ஒர்க்‌ஷாப் காந்தன் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அக்கா, சாமிக்கு வைங்க, டயருக்கு வைங்க, மீட்டருக்கு ஏன்லா வைக்கிறீங்க என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி கை மாறியதும் தோட்டத்துக் கிளினிக்கை மூடினார்கள், வேனை நிறுத்தினார்கள், செம்பனைக் குலைக்கு மட்டும் தினமும் லாரி வருகிறது. அன்றைக்குக் குலை ஏற்றிய லாரியில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். நீ போனில் டாக்சி கூப்பிடச் சொல்கிறாய், தோட்டம் என்றதும் ஒருத்தனும் உள்ளே வருவதில்லை. சென்டர் பக்கமாகப் புக்கிட் காத்திலில் வீடு பாருங்கள் என்கிறாய், அங்கிருந்து சொல்வது சுலபம்.

காந்தன் குழாயை மாற்றி ஓட வைத்துவிட்டான், ஆனால் ரேடியேட்டரே பழசு, எப்போது வேண்டுமானாலும் மறுபடி கொதிக்கும் என்கிறான். பிறகு உட்காரவைத்து மீட்டரைச் சொல்லிக்கொடுத்தான், அதற்குப் பிறகுதான் எனக்குக் குழப்பமே. எண்ணெய் டப்பா படம் பெட்ரோலுக்கு இல்லையாம், இஞ்சின் எண்ணெய்க்காம். மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாக ஓட்டலாமாம், சிவப்பு எரிந்தால் ஓட்டக்கூடாதாம். இஞ்சின் படம் போட்ட மஞ்சள் எப்போதுமே எரிகிறதே என்றால், அது சும்மா எரியும், கண்டுக்காதே என்கிறார் அப்பா. சும்மா எரிவதற்கு ஒரு விளக்கை ஏன் வைத்தான்? ஸ்பீடு நூற்றெண்பது வரை போட்டிருக்கிறான், இந்தக் குழி ரோட்டில் நாற்பதுக்கே அப்பா முனகுகிறார்.

முள்ளு மேல போச்சுன்னா எங்க இருந்தாலும் நிறுத்திடுங்கக்கா, இல்லாட்டி இஞ்சின் வெந்துடும் என்கிறான் காந்தன். டயாலிசிஸ் சென்டர் நர்ஸ் திலகாவோ, லேட்டா வந்தா நேரத்தைக் குறைச்சிடுவாங்க, அடுத்த ஆளு காத்திருக்காரு, ஒரு தடவைகூட விட்டுடாதீங்கம்மா, தண்ணி நுரையீரலுக்கு ஏறிடும் என்கிறாள். நிறுத்தினால் அப்பா, நிறுத்தாவிட்டால் காடி. காடி போனால் அதற்குப் பிறகு அப்பாவும்தான். இதற்கு எந்த மீட்டரைப் பார்ப்பது? அப்பாவிடமே கேட்டேன். முள்ளு ஏறுனா நிறுத்திடு, நான் ஒரு நாள் போகாட்டி என்ன, இஞ்சின் போச்சுன்னா எவன் நமக்கு வேற காடி குடுப்பான் என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். கவி, நான் நிறுத்தமாட்டேன். அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். முள் சிவப்பில் ஏறிய பிறகு காடி எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டால் காந்தன் திட்டுகிறான், நீ அங்கே யாரிடமாவது விசாரித்து எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. எந்தக் கண்ணும் படாமல் நீ நீண்ட நாள் இருக்க முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, நாளைக்கும் அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும்.

உன் அம்மா
ராஜம்மா