முழுசாகத் திருப்பிச் சொல்

மார்ச் 3
குழாய் ரிப்பேர்காரர் இன்றும் வரவில்லை. ஏர்போர்ட் கன்ட்ரோல் டவரில் இன்று ஒரே விமான நெரிசல். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மதியம் தம்பியின் விமானம். அவன் கோ-பைலட், ரேடியோவில் பேசுவது அவன்தான். ஓடுபாதைக் கோட்டுக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். "சரி" என்றான். சொன்னதை முழுசாகத் திருப்பிச் சொன்னால்தானே அவன் காதில் சரியாக விழுந்ததா என்று தெரியும்? மறுபடி கேட்டதற்கு எரிச்சலோடு சொன்னான். வீட்டில் என்னிடம் பேசுகிற அதே தொனி.

மார்ச் 9
பயந்தது நடந்தேவிட்டது. இன்றும் வெறும் "சரி". திருப்பிச் சொல் என்று நான் கேட்பதற்குள் விமானத்தின் மூக்கு கோட்டைத் தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்னொரு விமானம் இறங்குகிறது. "இறங்காதே, மேலே ஏறு" என்று கத்தினேன். ஏறிவிட்டார்கள். ஏறாமல் இருந்திருந்தால்?

கோட்டைத் தாண்டினால் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். அதற்குள் போனில் வந்துவிட்டான். "மூக்கு நுனிதானேக்கா? அடுத்த வாரம் கேப்டன் செலக்‌ஷன். விட்டுடேன், ப்ளீஸ்."

எழுதிவிட்டேன்.

மார்ச் 18
அவன் பெயரை செலக்‌ஷனிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாடியில் அவனோடு இருக்கும் அம்மா இறங்கி வந்து என் வாசலிலேயே நின்றாள். "சொந்தத் தம்பி வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா?" இறங்க இருந்த விமானத்தில் எத்தனை அம்மாக்கள் இருந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அழுகைதான் வந்தது.

மார்ச் 27
படிக்கட்டில் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டே போகிறான். ஆனால் ரேடியோவில் தப்பிக்க முடியாதே! இப்போதெல்லாம் நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்கிறான், வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி. திமிர். இருந்தாலும் அவன் குரலைக் கேட்பது அங்கே மட்டும்தான்.

ஏப்ரல் 2
நான் செய்தது சரிதான். சரிதானே? பிறகு ஏன் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்கிறேன்?

ஏப்ரல் 17
பறவை விரட்டும் ஜீப்பை ஓடுபாதைக்குள் அனுப்பியதே நான். அடுத்தடுத்து மூன்று விமானங்கள் கூப்பிட்டதில் அது சுத்தமாக மறந்துபோச்சு. தம்பியின் விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்தேன். பதிலே இல்லை. திருப்பிச் சொல்லவில்லை! சுள்ளென்று கோபம் வந்து, "முழுசாகத் திருப்பிச் சொல்லவும்" என்றேன்.

"டவர், ஓடுபாதையில் ஒரு ஜீப் தெரிகிறது. நாங்கள் நகரவில்லை."

அய்யோ. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19
விசாரணை முடியும்வரை எனக்கு டவரில் வேலை இல்லை. ரிப்போர்ட் எழுதியது யார்? அவனேதான். மேற்பார்வையாளர் சொன்னதும் சுருக்கென்றது. கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா என்று ஒரு நொடி நினைத்தேன் — நானா நினைத்தேன்! அங்கேயே சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் கதவைத் தட்டினான். எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா சாப்பாடு போட மாட்டேங்குறாங்க. அக்காவையே போட்டுக்குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனான்னு கேக்குறாங்க."

"கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கையக் கழுவிட்டு வந்து உக்கார்றேன்" என்றான்.