என் டெஸ்டுகளும் பூவிழியும்

மார்ச் 3, திங்கள்
ஃபைல்களுக்கு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் புரோகிராம் ஒன்றை விற்கிறோம். முழுக்க ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் என்ற புரோகிராம் வரிவரியாகப் படித்துச் செய்யும் கட்டளைகள். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்று சிஸ்டத்திலும் ஓட வேண்டும். சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகள் எல்லாம் நான் எழுதியவை. விண்டோஸில் ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். யாரும் குறை சொன்னதில்லை, பூவிழி வரும்வரை. என் மனைவி. போன மாதம்தான் இதே ஆபீஸில் சேர்ந்தாள்.

"ஏங்க, ஒவ்வொரு வரிக்கும் வெளியில இருக்குற வேற புரோகிராமக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க. விண்டோஸ்ல அது ஒவ்வொன்னும் கெளம்பி வர்றதுக்கே நேரமாவுது. அந்த வேலைய ஷெல்லே செய்யுமே."

"தெரியாமலா எழுதுனேன்?"

தெரியாமல்தான் எழுதினேன்.

மார்ச் 10
மாற்றிவிட்டாள். விண்டோஸில் பத்தே நிமிடம். எங்கள் முதலாளி ராஜதுரை சார் எல்லோர் முன்னும் சிரித்தார். "முத்துவேல், வூட்டுலயே வாத்தியார வச்சிக்கிட்டு இத்தன நாளு எங்கள காக்க வச்சிட்டியேப்பா!" நானும் சிரித்தேன். வாய் வலித்தது.

மார்ச் 11
வீட்டுக்குத் திரும்பும்போது குரும்பலூர் வரை பைக்கில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் காற்றில் கேட்கவில்லை என்றேன்.

மார்ச் 13, வியாழன்
இப்போது டெஸ்டுகளை ஒரே சமயத்தில் சேர்த்து ஓடவிடுகிறாள். மேக்கில் மட்டும் சில சமயம் ஃபெயிலாகிறது. ஏனென்று அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு டெஸ்டுகள் ஒரே தற்காலிக ஃபோல்டரில் எழுதுகின்றன. ஒன்று எழுதியதை மற்றது அழிக்கிறது.

சொல்லவில்லை. ஏன்? தவிக்கட்டும் என்றா? ச்சே. — ஆமா, அதுக்குத்தான்.

மார்ச் 17
வாடிக்கையாளருக்குக் காட்டும்போது மேக்கில் ஃபெயில் என்று சிவப்பாக வந்தது. "அவசரப்பட்டுட்டியேம்மா" என்றார் சார். பூவிழி தலை குனிந்து நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீட்டில் கேட்டாள். "அது ஏன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமையே."

பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 18
காலையில் செந்துறை போய்விட்டாள், அவள் அம்மா வீட்டுக்கு. நான் சாரிடம் போய்ச் சொன்னேன். "தப்பு எம்மேல சார். தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்." அவர் சொன்னார்: "இத எங்கிட்ட சொல்லி என்னப்பா? அந்தப் புள்ளகிட்ட சொல்லு."

ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனி ஃபோல்டர் கொடுத்தேன். மேக்கில் எல்லாம் பாஸ். அவளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 20
அவளே கூப்பிட்டாள். "நீங்க மாத்துனத இங்க லேப்டாப்புல பாத்தேன். டெஸ்ட் பாதியில நின்னா ஃபோல்டர் அழியாம கெடக்கும். அத நான் சரி பண்ணிட்டேன்."

அங்கிருந்தும் தப்பு கண்டுபிடிக்கிறாளே என்று சுருக்கென்றது.

"மன்னிச்சிரு பூவிழி. பொறாமையில செஞ்சிட்டேன்."

"தெரியும். அதான் கெளம்பி வந்தேன்." பிறகு, "சனிக்கிழம அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. பை கனமா இருக்கும்."

ஏப்ரல் 4
புது வாடிக்கையாளர் கேட்டார்: "மூணு சிஸ்டத்துலயும் இவ்வளவு சீக்கிரமா டெஸ்ட் முடியுதே, யார் எழுதுனது?" சார் என்னைப் பார்த்தார். பூவிழி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூவிழி" என்றேன். தனி ஃபோல்டர் நான் கொடுத்தது என்று நாக்கு நுனி வரை வந்ததை விட்டுவிட்டேன்.