ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட தாள்

அனுப்புநர்:
ஆம்ப்ரோஸ் டக்வெல்,
சேணம் தைப்பவர், ஆலய மணியடிப்பவர்,
ஹாலோபிரிட்ஜ், ஸ்டாஃபர்ட்ஷயர்.

பெறுநர்:
திருமண்டலப் பதிவாளர் அவர்கள்.

பொருள்: 1803ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தாள் அறுக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் ஆணித் தொழிற்சாலை முதலாளி திரு. ரெஜினால்ட் மில்கேட், தம் முன்னோர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னருடன் நார்மண்டியிலிருந்து கப்பலேறி வந்த வீரர்கள் என்று நிறுவ விரும்பினார். அதற்காக லண்டனிலிருந்து வந்த வம்சாவளி ஆய்வாளர் திரு. லவெட், சென்ற ஜனவரி மாதம் இரண்டு நாள் ஆலயத்தின் பதிவேட்டு அறையில் தனியே இருந்தார்.

2. மார்ச் 14 என் பிறந்தநாள். ஆண்டுதோறும் அன்று அந்தப் பதிவேட்டைத் திறந்து ஒரு வரியைப் படிப்பது என் வழக்கம். இம்முறை அந்தத் தாள் இல்லை. கத்தியால் அறுத்த ஓரம் மட்டும் இருந்தது.

3. அந்தத் தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது, "எட்வர்ட், ஆலை வாசலில் கிடந்த குழந்தை, பெற்றோர் தெரியவில்லை." அவர்தான் திரு. மில்கேட்டின் தாத்தா. ஆலை வாசலில் கிடந்ததால்தான் மில்கேட் என்ற பெயரே அவருக்கு வந்தது. கை கொப்புளிக்க ஆணி அடித்துப் பிள்ளைகளை வளர்த்த நல்ல மனிதர். அடுத்த இரண்டும் நானும், என் இரட்டைச் சகோதரன் யோனாவும். அவன் ஒன்பதாம் நாள் இறந்தான். அடக்கப் பதிவில் "டக்வெல்லின் சிசு" என்று மட்டுமே உள்ளது. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி.

4. திரு. லவெட்டிடம் கேட்டேன். "பெரியவரே, அந்தத் தாள்ல சொல்லிக்கிற மாதிரி யாருமே இல்லையே. எதுக்கு இந்தக் கவலை?" என்றார். திரு. மில்கேட்டின் வீட்டுக்கே போனேன். அவர் வாசலில் நின்றபடி, "எட்வர்டா? அந்த ஆள் எங்க வீட்டு வேலைக்காரன்பா. போய் வேலையப் பாரு" என்றார். சொந்தத் தாத்தாவை.

5. இப்போது ஆலயச் சுவரில், திரு. மில்கேட் பதித்த, காடியும் கரியும் தேய்த்துப் பழசாக்கிய பித்தளைத் தகடு ஒன்றில், மில்கேட் என்ற பெயரை நார்மண்டிப் பெயர்போல் திரித்து, "டி மெல்காட்" என்றொரு வீரன் வாளுடன் நிற்கிறான். ஞாயிறுதோறும் அதைக் கடந்துதான் மணிக்கயிற்றைப் பிடிக்கிறேன். எங்கள் குருவானவரோ திரு. மில்கேட் கொடுத்த புதிய ஆர்கன் கிடைத்த மகிழ்ச்சியில் எதையும் பார்க்கவில்லை.

6. ஆகவே தாங்கள் விசாரித்து, தாளை மீட்டுத் தர வேண்டுகிறேன். அது எரிக்கப்பட்டிருந்தால், மூன்று வரிகளும் எனக்கு மனப்பாடம். வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எட்வர்டின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். அவருக்காகக் கேட்க அவர் வீட்டில் இனி யாரும் இல்லை.

இடம்: ஹாலோபிரிட்ஜ்
நாள்: 2 ஏப்ரல் 1871

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஆம்ப்ரோஸ் டக்வெல்