முறை வைத்து வாங்கிய கடைசி இடம்

மார்ச் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் பெயரை எடுத்துவிட்டால் யார் பெயரைப் போடுவது? இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் மெயிலில் இதை எழுத முடியாது. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் கல்லூரி விடுமுறைகளில் எழுதியதுபோல் காகிதத்தில் எழுதுகிறேன்.

வருஷா வருஷம் என் பிரிவில், எல்லாக் கிளைகளையும் சேர்த்து, ஒருவரை "எதிர்பார்ப்புக்குக் கீழே" என்று நான் குறித்தாக வேண்டும். எல்லாரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தாலும் ஒருவர் கீழேதான். மற்ற பிரிவுகளில் இதற்காக அடித்துக்கொண்டார்கள். நாம் முறை வைத்துக்கொண்டோம். யோசனை உன்னுடையது. "குழாயடியில தண்ணி பிடிக்கிற மாதிரி வரிசையா வாங்கிக்கலாம்டி, ஒரு வருஷ போனஸ்தானே போகும்" என்றாய். அவ்வளவு பெரிய கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்று எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

இந்த வருஷம் உன் முறை. போன மாதமே குறித்து அனுப்பிவிட்டேன். முந்தாநாள் டைரக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த முறை கடைசி இடத்தில் இருப்பவர்களை வேலையிலிருந்து எடுக்கிறார்கள். எல்லாக் கிளைகளிலும்.

பெயரை மாற்ற வேண்டும் என்றேன். "தாராளமா மாத்துங்க மேடம். மாசக் கடைசிக்குள்ள வேற பேர் கொடுங்க. காலியா மட்டும் விட்டுடாதீங்க" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நான் வேறு பதவிப் படியில் இருக்கிறேனாம். அந்தக் கட்டத்தில் என் பெயர் ஏறாதாம்.

உன் வீட்டுக்காரருக்கு நடக்கும் டயாலிசிஸை நான் மறக்கவில்லை. கம்பெனி இன்ஷூரன்ஸ் இதுவரை ஒரு கேள்வி கேட்காமல் கட்டியிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். உன் வேலை போனால் அதுவும் போகும்.

அடுத்த முறை உங்கள் கிளை மீசைக்காரருடையது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். அவர் பெயரைப் போடட்டுமா? நீ சொல்.

உன்,
புரொபசர்

மார்ச் 11

என் அருமை புரொபசருக்கு,

கடிதம் வந்தது. "இந்தக் காலத்துல யாரும்மா உங்களுக்குக் கடுதாசி எழுதறது?" என்று தபால்காரர் கேட்டார். "என் மேலதிகாரி" என்றேன். நம்பவில்லை.

இங்கே சௌக்கியம். அவர் நேற்று டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு, "என் பொண்டாட்டி கம்பெனி நினைச்சா இந்த ஆஸ்பத்திரியையே வாங்கிடும், பார்த்து ஊசி குத்துங்க" என்று நர்ஸை மிரட்டிக்கொண்டிருந்தார். நானும் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். வாசலுக்கு வரும் பஸ், சூடான மத்தியானச் சாப்பாடு, ஒன்றாம் தேதி தவறாத சம்பளம். அங்கே வேலை என்றதும் வீடு வாடகைக்குக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு வரன்கூட வந்தது!

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ என்னைக் கேட்டிருக்கக் கூடாது. சத்தமில்லாமல் வேறு பெயரைப் போட்டிருந்தால் நானும் சத்தமில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன். எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துவிட்டது. மீசைக்காரர் என் எதிர் மேஜை. காலையில் முதல் வேலையாக என் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் போட்டுவைக்கிற மனுஷன். அவர் பெயரைப் போடு என்று நான் எப்படி எழுதுவேன்?

நீ பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் எல்லாரிடமும் விடையைக் கேட்பாய். ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. தப்பாகிவிட்டால் உனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். இந்தத் தடவை என்னால் துணைக்கு வர முடியாது.

முறை என்னுடையது. அப்படியே இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுபடி எழுதாதே. இன்னொரு தடவை கேட்டால் "மாற்று" என்று சொல்லிவிடுவேன். பயமாக இருக்கிறது.

குண்டூசி

மார்ச் 30

அன்புள்ள குண்டூசிக்கு,

எழுதாதே என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். எழுதாமல் இருப்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

நாளை கடைசி நாள். டைரக்டரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். முறை வைத்துக்கொண்டதை அப்படியே சொல்லப்போகிறேன். நான் போட்ட இடங்கள் எதுவும் வேலையைப் பார்த்துப் போட்டவையல்ல என்றால், அதை வைத்து யாரையும் எடுக்க முடியாது. என் வேலை போனாலும் போகட்டும். எனக்கு வாடகை வீடு இல்லை, கட்டிலில் படுத்திருக்க ஆளும் இல்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நேற்று இரவு தனியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

உன்,
புரொபசர்

மார்ச் 31

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் போனேன். டைரக்டர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், "வாங்க மேடம். மத்த பிரிவுல எல்லாம் ஒரே அழுகை, வக்கீல் நோட்டீஸ். உங்க பிரிவுல ஒரு சத்தம் இல்லை. அந்த அம்மா நேத்தே விலகல் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். எப்படித்தான் பேசினீங்களோ!" என்றார்.

"நன்றி சார்" என்றேன்.

"ஏதோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லை சார்."

என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். மத்தியானம் ஒரு கூட்டம் இருந்தது. அதற்கு வேண்டியதைத் தயார் செய்தேன்.