பனிக்கட்டியில் வைத்த பொத்தான்

அன்புள்ள கைன்சாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? "குளிர்பெட்டியில இருக்கிறது எப்படிங்க கெட்டுப்போகும்?" என்று ஒருமுறை கேட்டாயே, பதில் கிடைத்துவிட்டது. போனில் சொல்லக் கூச்சம்.

எங்கள் கம்பாலா ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும், செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் ஏற்பிகளை ஒளிரவைத்துக் காட்டும் எதிர்ப்பொருள் முயல் ரத்தத்திலிருந்து எடுத்தது. சாவிக்கொத்து மாதிரி அதில் பலவகை. ஒவ்வொன்றும் ஏற்பியின் ஒவ்வோர் இடத்தைப் பிடிக்கும். அந்த முயல் செத்துவிட்டது. அதே கொத்து இனிக் கிடைக்காது.

ஒரு மாதமாக எதுவும் ஒளிரவில்லை. தலைவர் செபுன்யாவுக்கு உதவியாளர் நமோனோமேல் சந்தேகம்.

"தண்ணி கலந்துட்டியாம்மா, பால்காரி மாதிரி?"

"முயல் ரத்தத்தைச் சந்தையில யாருங்க ஐயா வாங்குவாங்க?"

வரும் திங்களன்று அவளை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகச் சொன்னார். எனக்கும் அவள்மேல் சந்தேகம்தான். ஆனாலும் உன் கேள்வி நினைவுக்கு வர, வெள்ளியன்று குளிர்பெட்டியில் ஒரு மூடித் தண்ணீரை உறையவைத்து, சட்டையிலிருந்து அறுந்த பொத்தானை மேலே வைத்தேன். திங்கள் காலை அது பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. நடுவில் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. அப்படி உருகி உறைந்தால் எதிர்ப்பொருள் கெட்டுவிடும்.

வார விடுமுறையில் ஆய்வகச் சாவி என்னிடம் மட்டுமே. என் அறையில் மின்சாரம் இல்லாததால், உன்னோடு பேச ஞாயிறுதோறும் இங்கேதான் போனுக்கு மின்னேற்றுவேன். விசிறியுடையது என்று நினைத்து, மாலைவரை நான் பிடுங்கி வைத்தது குளிர்பெட்டியின் செருகியை!

செபுன்யாவிடம் சொல்லிவிட்டேன். நமோனோ வேலையில் இருக்கிறாள். "வாத்தியாரே, உங்க பொத்தானே உங்களக் காட்டிக் குடுத்துருச்சே!" என்று சிரித்தாள். என் வேலை என்னாகும் என்று நாளை தெரியும், கவலைப்படாதே.

வெள்ளைப் பொத்தான் இரண்டும் ஊசிநூலும் அனுப்பு. இனி ஞாயிறு பேச முடியாது, எழுது. வீட்டில் மீன் நாறுகிறதென்று மீன்காரியைத் திட்டுமுன், ஒரு மூடித் தண்ணீரை உறையவைத்து மேலே பொத்தானை வைத்துப் பார்.

உன்
முடோலா