மணிக்கூட்டில் எத்தனை பவுன்

1993 யூன் 14

கைமணிக்கூடு நின்றுவிட்டது. பற்றரி முடிந்திருக்கும். யாழ்ப்பாணத்துக்குள் வர அரசாங்கம் தடை செய்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. இனி யாரிடம் கேட்பது? வார்டுச் சுவரில் இருந்த மணிக்கூடு போன மாதமே நின்றது. இன்றைக்கு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் என்றால் இவ்வளவுதான் இருக்கும் என்று மனதில் நினைத்து நாடியை எண்ணினேன். எண்பத்திரண்டு என்று எழுதினேன். எண்பத்திரண்டா, தொண்ணூற்றிரண்டா, யார் கண்டது? நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு இவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

யூன் 15

அலுமாரிக்குள் அப்பாவின் மணிக்கூடு கிடந்தது. மலாயா றெயில்வேயில் இருந்து அப்பா இளைப்பாறிய அன்று, துரை தன் கையில் இருந்ததையே கழற்றிக் கொடுத்தாராம். சுவிஸ் மணிக்கூடு, தங்கக் கூடு. நல்லூர்த் தேருக்கும் கலியாண வீடுகளுக்கும் மட்டும்தான் அப்பா கட்டுவார். அவர் போன பிறகு ஒருவரும் தொடவில்லை. சாவி கொடுத்தேன் — ஓடத் தொடங்கிவிட்டது! செக்கன் முள்ளும் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கட்டிக்கொண்டேன்.

யூன் 16

நாடி எழுபத்தாறு. உண்மையான எழுபத்தாறு.

யூலை 11

தம்பி பரமலிங்கத்துக்கு அச்சுவேலிச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. பெண்ணின் பெயர் இராசமலர். ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை, தான் வேலை செய்யும் சங்கக்கடையில் அரிசி நிறுக்கும்போதும் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறாராம். சனம் நிறையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறதாம்.

ஆனால் தாலிக்குப் பொன்? பொன்னுருக்கலுக்கு மாப்பிள்ளை வீடுதான் பொன் கொடுக்கவேண்டும். வீட்டுக்கு இரண்டு பவுன் என்று இயக்கம் கேட்டபோது அம்மாவின் சங்கிலி போனது. காப்புகள் அப்பாவின் கடைசி வருத்தத்துக்கு வைத்தியம் பார்த்ததில் போயின. மத்தியானம் சாப்பிடும்போது அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதை உருக்கினால் தாலிக்குக் காணும். அப்பாவின்ரை பொன்னிலை தாலி. அதைவிட என்ன ஆசீர்வாதம் வேணும்?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? கலியாணம் கட்டாத தமக்கை வாய் திறந்தால் ஊர் அதற்கு ஒரு அர்த்தம்தான் எடுக்கும்.

யூலை 13

அம்மாவும் நானும் ஏரம்பு பத்தரிடம் போனோம். எங்கள் வீட்டு நகைகள் எல்லாம் அவர் செய்தவைதான். மணிக்கூட்டின் ஓரத்தை உரைகல்லில் உரைத்தார். மஞ்சள் கோடு விழுந்தது. அமிலம் விட்டுப் பார்த்தார், கோடு அழியவில்லை. பதினெட்டுக் கரட் பொன் என்றார். எத்தனை பவுன் தேறும் என்று கேட்டேன். அரத்தால் ஒரு மூலையை அராவிப் பார்த்தால் கூட்டின் தடிப்புத் தெரியும் என்று அரத்தை எடுத்தார். அம்மா மறித்துவிட்டார். தாலிக்கென்று நினைத்த பொன்னில் நல்ல நேரத்துக்கு முந்தி அரம் படக்கூடாதாம். பத்தரும் அது நியாயம் என்று அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

யூலை 14

மருந்து நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். வார் இல்லாமல் முப்பத்திரண்டு கிராம். உள்ளே இருக்கும் சில்லுகளுக்கும் கண்ணாடிக்கும் பாதியைக் கழித்தால் கூடு பதினாறு. பதினெட்டுக் கரட் என்றால் அதில் முக்கால் பங்குதான் பொன்: பன்னிரண்டு. எட்டுக் கிராம் ஒரு பவுன். அப்படியென்றால் ஒன்றரைப் பவுன்.

திரும்பவும் கணக்குப் போட்டேன். சில்லுகளின் நிறையைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம். எவ்வளவு களவு செய்தும் ஒரு பவுனுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது.

கடவுளே, இது பொன்னாக இருக்கக்கூடாது.

எழுதியும்விட்டேன். தம்பியின் தாலியில் மண் விழவேண்டும் என்று நினைக்கிற நான் என்ன தமக்கை? ஆனால் ஒன்பதாம் கட்டிலில் வாந்திபேதியோடு ஒரு சின்னப் பிள்ளை கிடக்கிறது. அதற்குச் சேலைன் துளி எண்ணுவது எதை வைத்து? என் நெஞ்சடிப்பை வைத்தா?

ஓகஸ்ட் 8

தம்பி கேட்டான்: "அக்கா, உங்களுக்கு மனமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ. நான் மஞ்சளிலை கட்டுறன்." மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து தாலியாகக் கட்டுவானாம். இந்தக் காலத்தில் அப்படியும் நடக்கிறதுதான். விசர்க்கதை கதையாதே என்று ஏசிவிட்டேன். பிறகு கிணற்றடியில் போய் அழுதேன்.

ஓகஸ்ட் 22

நாளைக்குப் பொன்னுருக்கல். வார்டில் கடைசியாக எல்லாருடைய நாடியையும் எண்ணி எழுதினேன், கேட்காதவர்களுடையதையும்.

ஓகஸ்ட் 23

இன்றைய நாளை ஒழுங்காக எழுதவேண்டும்.

எங்கள் வீட்டு விறாந்தையில் கும்பம், குத்துவிளக்கு. பத்தர் கரி அடுப்பும் பொன் உருக்கும் மண்கிண்ணியுமாக வந்துவிட்டார். பெண்ணின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை அச்சுவேலியில் இருந்து சைக்கிளில் வந்திருந்தார். பத்தரை மணிக்கு முதல் பொன் உருகவேண்டும், அதற்குப் பிறகு கூடாத நேரம். தம்பி மணிக்கூட்டை வெற்றிலையில் வைத்துப் பத்தரிடம் கொடுத்தான். நான் கதவுநிலையோடு நின்றேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பத்தர் வார் கொளுவும் கொம்பில் அரத்தை இழுத்தார். இரண்டு இழுவை. குனிந்து பார்த்தார். மூன்றாவது இழுவைக்குக் கை போகவில்லை. உள்ளே வெள்ளையாக இருந்தது. உருக்கு இரும்பு! பொன் மேலே ஒரு தோல்தான், வாழைப்பழத் தோல் அளவுகூட இல்லை. முழுவதையும் சுரண்டி எடுத்தாலும் ஒரு மூக்குத்திக்குக் காணாது என்றார். நாற்பது வருடம் உரைத்த கை என்னை ஏமாற்றிவிட்டது என்று அவர் முகம் கறுத்துப்போனது. பாவம், அரம் போட விடாதது நாங்கள்தானே.

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். உண்மையைத்தான் எழுதுகிறேன். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சம்பந்திக்கு முன்னால் தாலிக்குப் பொன் இல்லாத வீடாக நின்றோம்.

ஆழ்வாப்பிள்ளை நல்ல மனிதர். ஒன்றும் நடக்காதது போல, "இப்ப நேரம் என்ன?" என்று கேட்டார்.

எல்லாரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள். எல்லாருடையதும் பற்றரி மணிக்கூடு, எல்லாம் எப்போதோ நின்றுபோனவை. பிறகு எல்லாத் தலையும் பத்தரின் கைக்குத் திரும்பியது. அரம் பட்ட மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிடம். தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு அம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பிலேயே என் கை காதுக்குப் போய்விட்டது. முதல் சம்பளத்தில் செய்த தோடு, இரண்டும் சேர்த்து அரைப் பவுன். பத்தருக்கே தெரியும், அவர் செய்ததுதான். கல்லில் உரைக்கவேண்டியதில்லை.

"குமர்ப்பிள்ளை காதை மூளியாக்கக் கூடாது, பிள்ளை," என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

"நேரம் போகுதம்மா," என்றேன்.

பத்து இருபத்திரண்டுக்கு உருகியது. வெடிப்பில்லாமல் வழுவழுப்பாக வந்தது. நல்ல சகுனம் என்று தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். சின்னத் தாலிதான் வரும். தாலிக்கொடியைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு மஞ்சள் கயிறு காணும் என்று ஆழ்வாப்பிள்ளையே சொன்னார்.

ஓகஸ்ட் 24

காதுத் துளை தூராமல் இருக்க ஈர்க்குத் துண்டு செருகியிருக்கிறேன். வார்டில் எல்லாரும் என்ன என்று கேட்டார்கள். புது மாதிரித் தோடு என்றேன்.

தம்பிக்காகக் கொடுத்தேனா, மணிக்கூட்டுக்காகவா? இரண்டுக்கும்தான். எது கூட என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. மனம் லேசாக இருக்கிறது, அது போதும்.

ஒன்பதாம் கட்டிலில் இப்போது வேறு பிள்ளை. சேலைன் துளியை எண்ணினேன்.

செப்ரெம்பர் 2

தாலி கட்டியாயிற்று. முகூர்த்தத்துக்கு ஐயர் என் கையைப் பார்த்துத்தான் நேரம் கேட்டார்.

1994 யூலை 9

இராசமலருக்குப் பெண்பிள்ளை. நான் பக்கத்திலேயே நின்றேன். வலியில் மச்சாள், மச்சாள் என்று என் கையை நெரித்ததில் மணிக்கூட்டின் அராவிய கொம்பு அவள் உள்ளங்கையில் கீறிவிட்டது. பிள்ளை அழுத உடனே மணிக்கூட்டைப் பார்த்தேன். பின்னேரம் நாலு பதினேழு.

அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. சாதகம் குறிக்கவேண்டுமே, நேரத்தைத்தான் கேட்டார். சொன்னேன். மணிக்கூடு சரியானதோ என்று திருப்பிக் கேட்டார். கையை நீட்டினேன். அரம் பட்ட இடத்தில் வெள்ளை தெரிகிறது. அம்மா அதை விரலால் தடவினார், பிறகு என் காதில் இருந்த ஈர்க்கைப் பார்த்தார்.

"நல்லகாலம் பிள்ளை, உது பொன்னில்லை."